எறும்பு வராத சிரட்டை

அல்வா கிண்டுனவன் சீனி வியாதிக்கு வைத்தியம் படிக்கப் போனா ஊரு வாய மூடிக்கிட்டா இருக்கும்? "பிள்ளையையும் கிள்ளிவிட்டு இப்பம் தொட்டிலையும் ஆட்டப் போறாரு நம்ம குத்தாலிங்கம்"னு டீக்கடையில சிரிச்சு மாளல.

குத்தாலிங்கத்துக்கு வயசு அறுபத நெருங்கிட்டு. அந்தப் பக்கத்துல கல்யாணம்னாலும் காதுகுத்துன்னாலும் அவரு கிண்டுன அல்வாதான். தின்னவனெல்லாம் குத்துக்கல்லு மாதிரி இருக்கான். சீனி வந்து உக்காந்தது அவரு பொண்டாட்டி பிரமாச்சி உடம்புல. அவ அல்வாவ வெரலால தொடமாட்டா. நெய் வாசமே கொமட்டும்பா.

"வாசம் பாத்ததுக்கே எனக்கு வந்துட்டு. தின்னுருந்தேம்னா என்னையவே துண்டு போட்டு வித்துருப்பிய"ன்னு அவதான் சிரிப்பா.

அந்த வியாதிய மொதல்ல கண்டுபிடிச்சது டாக்டரு இல்ல, எறும்பு. கொல்லையில அவ ஒண்ணுக்குப் போன எடத்துல பிள்ளையார் எறும்பு தேருக்குக் கூட்டம் கூடுன மாதிரி கூடிக் கெடந்துச்சு. குத்தாலிங்கம் அதப் பாத்துட்டுத்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. பாத்தா, சீனி. அன்னைல இருந்து உள்ளூர் ஆசுபத்திரியில தெனமும் காலைல ஊசி.

கடைய மூடிட்டு மேக்கு மலை அடிவாரத்துக்குப் போனாரு. அங்க ஓடைக்கரையில உலகம்மைன்னு ஒரு அம்மா மருந்து குடுத்துக்கிட்டு இருந்தாங்க. குத்தாலிங்கத்த விடப் பத்துப் பன்னெண்டு வயசு எளையவங்க. மருந்து குடுக்குறத விட, "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல, டாக்டரப் பாருங்க"ன்னு திருப்பி அனுப்புறதுதான் சாஸ்தி.

"எனக்கு வைத்தியம் சொல்லித் தரணும்மா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"நான் போட்ட சீனிய நானே எறக்கணும்."

அந்த அம்மா சிரிக்கல. "தெரிஞ்சதச் சொல்லித் தாரேன். தெரியாததுதான் நெறைய"ன்னாங்க.

அது சத்தியமான வார்த்தை. எதக் கேட்டாலும் அவங்க வாயில இருந்து மொதல்ல வர்றது "தெரியாது". இந்த எல சளிக்குக் கேக்குமா? தெரியாது, பாப்போம். அந்த வேரு புண்ண ஆத்துமா? தெரியாது, பாப்போம். இதுக்கா நான் கடைய மூடுனேன்னு குத்தாலிங்கம் மனசுக்குள்ள மொனங்குவாரு. அல்வா வெந்துட்டான்னு கேட்டா வெந்துட்டு, வேகலன்னுதான் சொல்லணும். தெரியாதுன்னா அடுப்புல கெடக்குறது கரியாப் போயிரும்லா?

சிறுகுறிஞ்சான் எல, ஆவாரம்பூ, நாவக்கொட்டை. இத மூணையும் போட்டு எறக்குற ஒரு கசாயத்த அந்த அம்மா ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதக் குத்தாலிங்கம் கையில குடுத்தாங்க. கிண்டுறதுலயும் வத்த வைக்கிறதுலயும் அவரு கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?

"குடிக்கேன்னு சொல்லுதவங்களுக்குக் குடுத்துப் பாருங்க. ஆனா ஊசியவோ மாத்திரையவோ ஒருத்தரும் நிறுத்தக் கூடாது. இது அதுக்கு மேலதான். தென்காசிக்கு அனுப்பி ரத்தம் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

வெரல்ல ஒரு குத்து குத்தி ஒடனே சொல்லுற மிசினெல்லாம் வராத காலம் அது. ரத்தம் பாக்கணும்னா பஸ்ஸு ஏறணும், ஒருநாள் பொழப்பு போயிரும். ஒருத்தனும் போகல.

குத்தாலிங்கத்துக்கு அது ஒரு கொறையாவும் படல. கடையில ஒரு தடவ ஏவாரி ஒருத்தன் கலப்பட சீனி எறக்கிட்டான். வேலையாள்களெல்லாம் நக்கிப் பாத்து நல்ல சீனிதான்னு சத்தியம் பண்ணுனான். எறும்பு மட்டும் திரும்பிப் பாக்கல. மனுசன் நாக்கு ஏமாறும், எறும்பு ஏமாறாதுன்னு அன்னைக்குப் பிடிச்ச கொள்கை அவருக்கு. அதனால குடிக்கவங்க ஒவ்வொருத்தருகிட்டயும் ஒரு தேங்காச் சிரட்டையக் குடுத்து, அதுல ஒண்ணுக்குப் போயிக் கொண்டாரச் சொன்னாரு. சிரட்டைய மூடிக் கெடந்த கடையோட வேலி ஓரமா வரிசையா வச்சிட்டு உக்காந்துருவாரு.

"என்ன வே, மூத்திரக் கட போட்டுருக்கீரு? வடைக்கும் ஏற்பாடு உண்டா?" சேர்மத்துரை கேட்டான். பஸ் ஓட்டி ரிட்டேராகி இப்பம் சொந்தமா ஒரு வேன் வச்சிருக்கவன். அவனும் கசாயம் குடிக்கவந்தான்.

"உம்ம சிரட்டையப் பாரும். எறும்பு குடும்பத்தோட வந்துருக்கு."

கொஞ்ச நாள் இப்படியே போச்சு. எறும்பு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதுக்கு நடுவுல, கசாயம் குடிச்சா வயித்தப் பெரட்டுதுன்னு பாதிப் பேரு சொன்னான். குத்தாலிங்கம் கொஞ்சம் வசம்பச் சுட்டு ஒரசிக் கசாயத்துல கலந்தாரு. அத உலகம்மைகிட்டச் சொல்லணும்னு அவருக்குத் தோணவே இல்ல. வசம்பு என்ன மருந்தா? கைப்பிள்ளைக்கு நாக்குல தடவுறது. எந்த வீட்டுலதான் இல்ல?

அடுத்த வாரம் எறும்பு கொறஞ்சிச்சு. அதுக்கடுத்து ஒரு சிரட்டையிலயும் எறும்பு இல்ல. வேலி ஓரமா வரிசையா வந்துச்சு, சிரட்டைகிட்ட வந்து மீசைய ஆட்டுச்சு, சுத்திக்கிட்டு அந்தால போயிட்டு.

குத்தாலிங்கத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

"எறும்பு வரலங்கிறது சரி வே"ன்னான் சேர்மத்துரை. "ஆனா எனக்குத் தாகம் அடங்கலயே. ராத்திரி ஏழு தடவ எந்திரிக்கேன்."

"எறும்பே சொல்லிட்டு. உமக்கென்ன அதுக்கு மேல?"

"என் தாகத்த எங்கிட்டல்லாய்யா கேக்கணும்? எறும்புகிட்டயா கேப்பிய?"

குத்தாலிங்கம் காதுல அது ஏறல. நேரா வீட்டுக்குப் போனாரு. பிரமாச்சி கால நீட்டி உக்காந்து புண்ணுக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தா. உடமுள்ளு ஏறுன எடம். ஆறுற மாதிரி இருக்கும், ஆறாது.

"ஏட்டி, நாளைல இருந்து ஊசி வேண்டாம்."

"உங்க வைத்தியக்கார அம்மா அப்படிச் சொல்லிட்டாவளா?"

"எறும்பு சொல்லிட்டு."

அவ அவரு மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தா. கடைய மூடுன நாள்ல இருந்து அந்த மூஞ்சியில இப்படி ஒரு வெளிச்சத்த அவ பாக்கல.

"ஊசிய விட்டா உங்களுக்குச் சந்தோசம்னா விட்டுருதேன். என்ன, கம்பவுண்டருக்குத்தான் கை சும்மா இருந்து துருப்பிடிச்சுப் போவும்."

அதுக்கப்புறம் அவ கசாயம் மட்டும் குடிச்சா. அவ சிரட்டைக்கும் எறும்பு வரல. தண்ணி நெறையக் குடிச்சா. வெயிலுன்னா. நெறையப் படுத்துக் கெடந்தா. அசதின்னா. ஒருநாள் கிட்ட உக்காந்து பேசும்போது அவ மூச்சுல பழுத்து வெடிச்ச பலாப்பழ வாசம் அடிச்சிச்சு.

"என்னட்டி, வாயெல்லாம் பழக்கட மாதிரி மணக்குது?"

"உங்க மருந்துதான் உள்ள பழுக்குதோ என்னமோ"ன்னா.

ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

மறுநாக் காலைல அவ எந்திரிக்கல. தொட்டு எழுப்புனாரு. "தண்ணி"ன்னா, குடிச்சிட்டுத் திரும்பியும் கண்ண மூடிக்கிட்டா. நல்லாத் தூங்கட்டும், ஒடம்பு தேறுற தூக்கம்னு நெனச்சிட்டு, பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு, அடிவாரத்துக்குக் கெளம்பிட்டாரு. ஊருக்கே கசாயம் குடுக்கணும்னு அவருக்கு ஒரு துடிப்பு. அதுக்கு அந்த அம்மா ஒத்துக்கிடணும்லா?

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ஒரு மருந்து கேக்குதுன்னு எப்பம்மா ஒத்துக்கிடுவிய? ஒரு சிரட்டைக்கும் எறும்பு வரல. இன்னுமா தெரியாதும்பிய?"

உலகம்மை அவரு கொண்டாந்த கசாயச் சட்டியக் கிட்ட இழுத்தாங்க. தெறந்து பாத்தாங்க. மோந்து பாத்தாங்க. மூடுனாங்க.

"ரெண்டு சிரட்டை கொண்டாங்க அண்ணாச்சி."

கொண்டாந்து குடுத்தாரு. அந்த அம்மா ஒரு சிரட்டைய எடுத்துக்கிட்டு ஓலை மறப்புக்குப் பின்னால போனாங்க. திரும்பி வந்து அத ஒரு ஓரமா மூடி வச்சாங்க. அப்புறம் கசாயத்துல ஒரு டம்ளரு மொண்டு மடமடன்னு குடிச்சாங்க.

"ஒங்களுக்குச் சீனி இல்லையேம்மா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு?"

"இருங்க, பாப்போம்."

குத்தாலிங்கம் உக்காந்தாரு. வெயிலு ஏறிச்சு. இந்த அம்மாவுக்குப் புத்தி கித்தி பெரண்டுட்டான்னு ஒரு யோசனை. வியாதியே இல்லாதவங்க மருந்து குடிச்சா எறும்பு என்னத்தச் சொல்லும்?

"மதினி எப்படி இருக்காவ?"ன்னு கேட்டாங்க உலகம்மை. கையில வேரு ஒண்ணச் சீவிக்கிட்டு இருந்தாங்க.

"நல்லாத் தூங்குதாம்மா."

"இன்னைக்கு ஊசி போட்டாச்சா?"

"ம்."

அந்த ஒரு எழுத்து எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்கே தெரியல. கேக்குதுன்னு அம்மா ஒத்துக்கிட்ட பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டாரு. உலகம்மை தலைய ஆட்டிட்டு வேரச் சீவுனாங்க.

வெயிலு உச்சியத் தாண்டிச்சு. அந்த அம்மா ரெண்டாவது சிரட்டைய எடுத்துக்கிட்டு மறப்புக்குப் போயிட்டு வந்தாங்க. பொறவு ஒரு கருப்பட்டிய ஒடச்சு, ஒரே அளவுல ரெண்டு துண்டு எடுத்து, ரெண்டு சிரட்டையிலயும் ஒவ்வொண்ணு போட்டு, கரையிற வரைக்கும் குச்சியால கிண்டுனாங்க. கிண்டுற வேலைய குத்தாலிங்கம் சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது அன்னைக்குத்தான்.

ரெண்டையும் எறும்புச் சாரைகிட்டக் கொண்டுபோயி வச்சாங்க.

"இது கசாயத்துக்கு முன்னால. இது பின்னால. இனிப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். நீங்கதான் பாத்திய."

"ஆமா."

"எறும்பு ஏமாறாதுன்னு சொல்லுவியள்லா. கேளுங்க."

எறும்பு வந்துச்சு. மொதச் சிரட்டையில ஒண்ணு ஏறுச்சு, பொறவு பத்து, பொறவு வெளிம்பே தெரியல. ரெண்டாஞ்சிரட்டைகிட்ட வந்ததெல்லாம் மீசைய ஆட்டுச்சு, நின்னுச்சு, சுத்திக்கிட்டுப் போயிட்டு. கருப்பட்டித் தண்ணி உள்ள தளும்பிக்கிட்டு நிக்குது. ஒரு எறும்பு, ஒத்த எறும்பு, உள்ள எறங்கல.

குத்தாலிங்கம் குனிஞ்சு ரெண்டாஞ்சிரட்டைய மோந்து பாத்தாரு.

அந்த வாசம். அவரு கடையோட பின்கட்டுல, சீனி மூட்டைக்கு அடியில, இத்தன வருசமா அடிச்ச வாசம். மூட்டையில எறும்பு ஏறாம இருக்க மூலைக்கு மூலை வசம்பு போட்டு வச்சது அவரு கைதான். மூட்டைக்கடியில கெடந்தப்ப அதுக்குப் பேரு எறும்பு மருந்து. வீட்டு அஞ்சறப்பெட்டியில கெடந்தப்ப பிள்ளை மருந்து. ரெண்டும் ஒரே வேருன்னு அவருக்குத் தெரியாதா? தெரியும்.

சீனி எங்கயும் போகல. காவலுக்கு நின்னவன அடிச்சு வெரட்டிட்டு, வீட்டுல திருடன் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்துருக்காரு.

"அம்மா." அவரு நிமுந்தாரு. "பிரமு ஊசி போடல."

"இன்னைக்கா?"

"எறும்பு வராத நாள்ல இருந்து."

உலகம்மை சடார்னு எந்திரிச்சாங்க. ஒரு வார்த்தை ஏசல. செருப்பக்கூடப் போடாம ரோட்டப் பாத்து ஓடுனாங்க.

ஊருக்குள்ள வந்ததும் சேர்மத்துரை வேன எடுத்தான். வீட்டுல பிரமாச்சி காலைல படுத்த பாட்டுலயே கெடந்தா. மூச்சு நாய்க்கு எளைக்கிற மாதிரி எளைச்சிச்சு. வீடு பூரா அந்தப் பழ வாசம். புண்ணுல கட்டுன துணி கறுத்துப் போயிருந்துச்சு. தூக்கி வேன்ல போட்டாங்க. உலகம்மை அவ மூச்ச மோந்து பாத்துட்டு, "நேரா தென்காசி, எங்கயும் நிறுத்தாத"ன்னாங்க.

குத்தாலிங்கம் அவ தலைய மடியில வச்சிருந்தாரு. ஊரு தோரணவாசல் தாண்டுனப்ப அவ கண்ணத் தொறந்தா.

"எங்க கூட்டிட்டுப் போறிய? அல்வா கிண்டவா?"

"பேசாம இரிட்டி."

"இன்னைக்கு எறும்பு வந்துச்சா?"

அவரு உலகம்மையப் பாத்தாரு. அவங்க சன்னலுக்கு வெளியில பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"வரலட்டி."

"பொறவென்ன"ன்னு சொல்லி அவ கண்ண மூடிக்கிட்டா.

ஆசுபத்திரியில என்னென்னமோ ஏத்துனாங்க. ஊசி போட்டாங்க. எப்பம் நிறுத்துனிய, எதுக்கு நிறுத்துனிய, யாரு நிறுத்தச் சொன்னான்னு டாக்டரு கேட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் குத்தாலிங்கம் பதில் சொன்னாரு. "ம்"னு ஒண்ணுக்கும் சொல்லல. அவ எந்திரிக்கல. மறுநாள் சாயங்காலம் அதே வேன்ல திரும்பி வந்தா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஆளுகெல்லாம் போன பொறவு குத்தாலிங்கம் வீட்டவிட்டு எறங்குனாரு. டீக்கடையில அன்னைக்கு எவனும் சிரிக்கல. சேர்மத்துரை மட்டும் எந்திரிச்சு வந்தான்.

"வே, தப்பா நெனைக்காதயும். அந்தக் கசாயம். வசம்பு இல்லாமக் குடிச்சா சீனிக்குக் கேக்குமா, கேக்காதா?"

குத்தாலிங்கம் யோசிச்சாரு.

"தெரியாது"ன்னாரு.

"பொறவு நான் என்ன செய்ய?"

"மாத்திரைய விட்டுராதயும். தென்காசிக்கு ரத்தம் பாக்கப் போவும். வேண்டாம், நானே வாரேன் கூட."

அடிவாரத்துக்குப் போனப்ப உலகம்மை குடிசைக்கு வெளியில இருந்தாங்க. கசாயச் சட்டி கவுந்து கெடந்துச்சு. அந்த ரெண்டு சிரட்டையும் வச்ச எடத்துலயே கெடந்துச்சு. மழை பெஞ்சு கழுவிட்டுப் போயிருந்துச்சு. எது முன்னால உள்ளது, எது பின்னால உள்ளதுன்னு இப்பம் சொல்ல முடியாது.

குத்தாலிங்கம் கிட்ட வந்து தரையில உக்காந்தாரு.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அவளுக்கு வியாதி இருக்குன்னு மொதல்ல சொன்னது அந்த எறும்புதான். கலப்பட சீனியக் காட்டிக் குடுத்ததும் அதுதான். அதெல்லாம் சத்தியமாச் சொல்லிட்டு, இதுல மட்டும் ஏம்மா எங்கிட்டப் பொய் சொல்லிச்சு?"

"எறும்பு பொய் சொல்லல அண்ணாச்சி. வரமாட்டேன்னு மட்டுந்தான் அது சொல்லிச்சு. ஏன்னு நீங்க சொல்லிக்கிட்டிய."

குத்தாலிங்கம் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மண்ணுல ஒரு எறும்புச் சாரை போயிக்கிட்டு இருந்துச்சு. அவரு கால நகத்தி அதுக்கு வழிவிட்டாரு.

"ஒங்கள மாதிரி புத்தி எனக்கு இருந்துருந்தா அவ இருந்துருப்பாம்மா."

உலகம்மை சிரட்டை ரெண்டையும் எடுத்தாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சாங்க.

"அன்னைக்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டேன். நீங்க 'ம்'னு மட்டுந்தான் சொன்னிய. போட்டாச்சுன்னு நான் சொல்லிக்கிட்டேன்."